காணாமல் போன 4 மில்லிமீட்டர்: மாக்கி சி.202 மாடல் கிட் குறித்த புகார்

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மாக்கி சி.202 ஃபோல்கோரே, 1/48 அளவு பிளாஸ்டிக் கிட் – இடது இறக்கையின் அளவுப் பிழை – சரியான பாகம் அல்லது முழுத் தொகை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் உங்கள் இணையக் கடையில் 4,850 ரூபாய் கொடுத்து மேற்படி கிட்டை வாங்கினேன். இரண்டாம் உலகப்போர்க் கால இத்தாலியப் போர் விமானத்தின், பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் அது. மூன்று பெயின்ட் புட்டிகளும் டீக்கால் தாளும் (விமானச் சின்னங்களை எடுத்து ஒட்டும் தாள்) சேர்ந்த முழுத் தொகுப்பு. அதன் இடது இறக்கை தவறான அளவில் வார்க்கப்பட்டிருக்கிறது. இதைப் பற்றி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். நான் எழுதியதை யாரும் படித்ததாக உங்கள் இரண்டு பதில்களிலும் தெரியவில்லை. இரண்டாவது பதிலிலேயே புகாரை முடித்துவிட்டதாகவும் எழுதிவிட்டீர்கள். அதனால் இந்த முறை படங்கள், அளவுகள், ரசீது நகல் எல்லாவற்றையும் இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பதினொன்றாம் வகுப்புக்குத் திருப்பு விசையும் நியூட்டனின் மூன்றாம் விதியும் நடத்துகிறேன். டிரில் மெஷினைக் கையில் பிடித்து ஸ்விட்சைப் போட்டதும் அது மணிக்கட்டை எதிர்ப்பக்கமாகத் திருகும். புரொப்பெல்லர் விமானத்தில் நடப்பதும் அதேதான். எஞ்சின் புரொப்பெல்லரை ஒரு பக்கம் சுழற்றினால் விமானத்தின் உடல் மறுபக்கம் சாயப் பார்க்கும். இந்தச் சாய்வை வடிவமைப்பிலேயே ஈடுகட்டிய விமானம் ஃபோல்கோரே. அதன் இடது இறக்கை வலது இறக்கையைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். நீண்ட பக்கத்தில் தூக்குவிசை சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். இடப்பக்கம் சாயப் பார்க்கும் உடலை அது தாங்கிப் பிடிக்கும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு அரைமணி நேரம் விளக்குவதைவிட, பிள்ளைகள் கையில் ஒரு மாடலைக் கொடுத்து, ‘இரண்டு இறக்கையையும் ஸ்கேல் வைத்து அள, ஏன் வித்தியாசம் வருகிறது, சொல்’ என்று கேட்டால் பாடம் மனதில் நின்றுவிடும். உங்கள் கிட்டை நான் வாங்கியது இதற்காகத்தான். அலமாரி அழகுக்கு என்றால் எந்த விமானத்தையும் வாங்கியிருக்கலாம்.

காக்பிட்டிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். உள்பக்க வெளிர்பச்சை, கருவிப் பலகை, இருக்கை வார் என்று அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. தினமும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்கு மேசை கிடைக்கும். உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, இணைப்புக் கோட்டில் இடுக்கை நிரப்பும் பசை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் இறக்கைக்கு வந்தேன். உங்கள் கிட்டில் இறக்கையின் கீழ்ப்பாதி இடமும் வலமும் சேர்ந்து ஒரே துண்டு. பசை போடுவதற்கு முன்னால், உங்கள் விளக்கத்தாளில் 1/48 என்று குறித்து அச்சிட்டிருக்கும் மேல்தோற்ற வரைபடத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தேன். நடுக்கோட்டை நடுக்கோட்டோடு பொருத்தினேன். வலது நுனி வரைபடத்தின் கோட்டை அப்படியே மூடியது. இடது பக்கத்தில் பிளாஸ்டிக் முடிந்த பிறகும் வரைபடம் தொடர்ந்தது. இரண்டு தீக்குச்சிகளைப் பக்கம் பக்கமாக வைத்த அகலத்துக்கு வெள்ளைத்தாளும் இறக்கை நுனியின் வளைகோடும் வெளியே தெரிந்தன.

பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவியைக் கொண்டுவந்து மறுநாள் அளந்தேன். நடுவிலிருந்து வலது நுனி வரை 108 மி.மீ. நடுவிலிருந்து இடது நுனி வரையும் அதே 108. ஆக மொத்தம் 216. உண்மையான ஃபோல்கோரேயின் இறக்கை அகலம் 10.58 மீட்டர். அதை 48-ஆல் வகுத்தால் 220 மி.மீ. வருகிறது. உங்கள் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதும் 220 மி.மீ. தான். பெட்டியில் அச்சாகியும் பிளாஸ்டிக்கில் இல்லாமல் போன 4 மி.மீ. எங்கே போயிற்று? நிஜ விமானத்தின் 20 சென்டிமீட்டரை 48-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 4 மி.மீ. சொச்சம்தான் வரும். வலது இறக்கை சரி. இடது இறக்கையை வலதின் பிரதியாக அச்சு எடுத்திருக்கிறீர்கள். இறக்கைகள் சமமாகத்தானே இருக்கும் என்று அச்சு வரைந்தவர் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் இயல்பானது, ஆனால் இந்த விமானத்துக்குப் பொருந்தாது.

உங்கள் முதல் பதிலும் இதையேதான் சொன்னது: “விமானங்களின் இரு இறக்கைகளும் சமமாகவே இருக்கும். உங்கள் பாகம் சரியாக உள்ளது.” வெர்னியர் படங்களோடு நான் மறுபடி எழுதியபோது, “4 மி.மீ. வித்தியாசம் வார்ப்பில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் அடங்கும்” என்று பதில் வந்தது. இறக்கைகள் சமமாக இருப்பது சரி என்றால், எந்த வித்தியாசத்தை நீங்கள் அனுமதிக்கிறீர்கள்? வித்தியாசம் இருக்க வேண்டும் என்றால், முதல் பதில் எப்படிச் சரியாகும்? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். உங்கள் வரைபடத்தையும் உங்கள் பாகத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். யாரும் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இது வெறும் 4 மி.மீ. இல்லையா என்று நினைக்கிறவர்களுக்காக இந்த விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை வடிவமைத்தவர் மாரியோ காஸ்டோல்டி. 1934-இல் இத்தாலியின் கார்டா ஏரியின் மேல் பிரான்செஸ்கோ அஜெல்லோ மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்த எம்.சி.72 கடல் விமானமும் காஸ்டோல்டியின் கைவண்ணம்தான். அதில் திருப்பு விசையைச் சமாளிக்க எதிரெதிர் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்களை ஒரே மூக்கில் வைத்தார். போர்க்களத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டிய விமானத்தில் அந்தச் சிக்கலான ஏற்பாடு எடுபடாது. அதே கேள்விக்கு மிக எளிய விடையாக ஒரு பக்க இறக்கையை நீட்டினார். கூடுதல் எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அவருடைய முந்தைய சயேட்டா விமானத்தில் இருந்தது 870 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் ரேடியல் எஞ்சின். ஃபோல்கோரேயில் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் டிபி 601 வந்தது. பிறகு ஆல்ஃபா ரோமியோ அதையே உரிமம் பெற்றுக் கட்டியது. திறன் 1,175 குதிரைத்திறனாக ஏறியது, வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரைத் தொட்டது. எஞ்சின் வலுக்க வலுக்கத் திருகலும் வலுக்கும். 1940 ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தில் மூக்கில் இரண்டு 12.7 மி.மீ. துப்பாக்கிகள்தான் இருந்தன; அந்தக் காலத்து எதிரிகளோடு ஒப்பிட்டால் அது குறைவு. ஆனாலும் ஓட்டியவர்கள் அதைக் கொண்டாடினார்கள். காரணம், கைக்கு அடங்கிப் பறந்தது. அப்படிப் பறக்க வைத்தவற்றில் ஒன்று அந்த நீண்ட இடது இறக்கை. அதை வெட்டிவிட்டால் காஸ்டோல்டியின் யோசனையையே வெட்டியதாகிவிடுகிறது.

பெட்டியின் மேல் அட்டைப் படத்திலும் பிழை இருக்கிறது. மூக்கின் இரு பக்கமும் உருளை வடிவ எண்ணெய்க் குளிர்விப்பான்கள் வரையப்பட்டிருக்கின்றன. அவை பின்னால் வந்த சி.205 வெல்ட்ரோவின் அடையாளம். சி.202-க்கு அது மூக்கின் அடியில் தாடை போல ஒன்றே ஒன்று. உள்ளே இருக்கும் பாகம் சரியாகத்தான் இருக்கிறது. படத்துக்காக நான் இழப்பீடு கேட்கவில்லை. யாரும் சரிபார்க்கவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சியாகச் சொல்கிறேன்.

பெயின்ட் விஷயம் அப்படி விட முடியாதது. இந்த விமானத்தின் அழகே அதன் மேல்பூச்சுதான். அடிப்பக்கம் வெளிர் சாம்பல்நீலம். மேலே நொச்சோலா கியாரோ என்ற இளம்பழுப்பு மணல்நிறம். அதன் மேல் வெர்தே ஒலிவா ஸ்கூரோ என்ற கரும்பச்சையில் வளையம் வளையமாக, புகை விட்டாற்போல ஸ்பிரே செய்திருப்பார்கள். மாக்கி, பிரேடா, சாய் அம்ப்ரோசினி என்று மூன்று நிறுவனங்கள் இதைக் கட்டின. ஒவ்வோர் இடத்துக்கும் வளையம் போடுவதில் ஒரு தனிப் பாணி உண்டு. வளையத்தின் போக்கைப் பார்த்தே எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்று சொல்லக்கூடிய மாடல்காரர்கள் இருக்கிறார்கள். 1/48-இல் அந்த வளையத்தின் கோடு சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில்தான் விழ வேண்டும். ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) 0.2 மி.மீ. ஊசி போட்டு, பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, காற்றழுத்தத்தை மிகவும் குறைத்து, முன்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு வளையம் போட வேண்டும். காற்று கொஞ்சம் கூடினாலும் பெயின்ட் சிலந்திக்கால் போல நாலாபக்கமும் ஓடிவிடும். பேக்கரியில் வாங்கிய பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் பழகினேன். நாற்பதாவது கரண்டியில்தான் வளையம் வளையமாக வந்தது. அதுவும் என்னிடமிருந்த வேறு பச்சையை வைத்துத்தான். உங்கள் கரும்பச்சைப் புட்டி மூடியைத் திறக்கும்போதே திரிந்த தயிர் மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. தின்னர் விட்டுக் கலக்கினேன், நைலான் துணியில் வடிகட்டினேன், அப்படியும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஊசி அடைத்துக்கொண்டது. மற்ற இரண்டு புட்டிகளும் நன்றாகவே இருக்கின்றன. மணல்நிறம் மிக நேர்த்தியாக உட்காருகிறது. நல்லதையும் சொல்லியாக வேண்டும்.

டீக்கால் தாளில் வால் சுக்கானுக்கான வெள்ளைச் சிலுவையின் நடுவே சவோய் அரச வம்சத்தின் கேடயம் இருக்கிறது. அதில் சிவப்பு மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்து அச்சாகியிருக்கிறது. நான் கட்ட நினைத்த 4-வது ஸ்டோர்மோ படைப்பிரிவின் பாயும் குதிரைச் சின்னம் தெளிவாக இருக்கிறது. முதல் உலகப்போர் வீரர் பிரான்செஸ்கோ பராக்காவின் நினைவாக அந்தப் பிரிவு சுமந்த குதிரை அது. அதைச் சரியாக அச்சடிக்க முடிந்தவர்களுக்குக் கேடயம் ஒன்றும் கடினமில்லை.

‘இடது இறக்கையை நீங்களே அறுத்து பிளாஸ்டிக் அட்டை வைத்து நீட்டிக்கொள்ளலாமே’ என்று தொலைபேசியில் உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அது தீர்வல்ல. இறக்கையை நடுவில் அறுத்தால் பேனல் கோடுகள் அத்தனையும் இடம் பெயரும், எய்லரானின் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) நீளம் பொருந்தாமல் போகும், மேல் பாதியையும் கீழ்த் துண்டையும் ஒரே கோட்டில் அறுக்க வேண்டும். முப்பது வருட அனுபவம் உள்ளவர் செய்வார். பெட்டியில் ‘தொடக்க நிலையினருக்கும் ஏற்றது’ என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். என்னிடம் படிக்கும் ஒரு மாணவி தன் சேமிப்பில் இதே கிட்டை வாங்கப்போவதாகச் சொன்னாள். கொஞ்சம் பொறு என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அவள் வாங்கி அளந்து பார்த்தால், பாடம் தப்பா கிட் தப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் கேட்பது இவ்வளவுதான். சரியான நீளத்தில் வார்த்த கீழ் இறக்கையையும் இடது மேல் இறக்கையையும் அனுப்புங்கள். அச்சைத் திருத்தக் காலம் ஆகும் என்றால் எவ்வளவு காலம் என்று எழுத்தில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன். திருத்தப்போவதில்லை என்றால் 4,850 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். கரும்பச்சைப் புட்டி ஒன்றும் டீக்கால் தாள் ஒன்றும் எப்படியானாலும் மாற்றித் தர வேண்டும். கிடங்கில் மிச்சமிருக்கும் பெட்டிகளில், இடது இறக்கை 4 மி.மீ. குறைவு என்று ஒரு துண்டுச் சீட்டாவது வையுங்கள். இணையப் பக்கத்திலும் போடுங்கள். எனக்குப் பணம் வருவதைவிட இந்தக் கடைசிக் கோரிக்கை முக்கியம்.

இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது குறைதீர் அலுவலரின் பொறுப்பு. விற்பவர் சொன்ன தரத்தில் இல்லாத பொருள் குறைபாடுள்ள பொருள் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. பெட்டியில் 220, உள்ளே 216. ஒரு மாதத்துக்குள் முறையான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்வேன். அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.

தயவுசெய்து இந்தக் கடிதத்தை அச்சு வடிவமைப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். கையில் ஒரு ஸ்கேலோடு படிக்கச் சொல்லுங்கள். இறக்கைப் பாகங்களை ஒட்டாமல், பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். நீங்கள் ஆள் அனுப்பினால் அளந்து காட்டத் தயார்; மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
இயற்பியல் முதுகலை ஆசிரியர்.

இணைப்பு: ரசீது நகல், வெர்னியர் அளவுப் படங்கள் 6, வரைபடத்தின் மேல் இறக்கையை வைத்து எடுத்த படம் 1, உங்கள் இரண்டு பதில்களின் நகல், கட்டி தட்டிய பெயின்ட் பூசிய கரண்டி 1.