கோரேபானி பாதையில எங்க பொண்ண தூக்கிட்டு வந்த அண்ணனுக்கு

ஏப்ரல் கடைசில ஸ்கூல் பசங்கள கூட்டிட்டு நேபாளத்துல பூன் ஹில் ட்ரெக் போயிருந்தோம். 3,210 மீட்டர் உயரத்துல நின்னு தவுளகிரி சிகரம் மேல முதல் வெயில் படுறத பார்த்துட்டு பசங்க பேச்சே இல்லாம நின்னாங்க, அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

அன்னைக்கே தாடாபானி போற வழியில, தேவ்ராலி தாண்டி செங்குத்தா இறங்குற இடம், ஆலங்கட்டி மழை வேற, கல்லு படியெல்லாம் வழுக்குது, ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி விழுந்து கணுக்கால் வீங்கிப்போச்சு, கால ஊனவே முடியல, நான் டீச்சர்னுதான் பேரு, கை கால் எல்லாம் நடுங்குது.

அப்பதான் நீங்க பின்னாடி வந்தீங்க. நெத்தில பட்டை மாட்டி முதுகுல டோக்கோ கூடை, அதுல ஒரு டீக்கடைக்கான அரிசி மூட்டை. கூடைய பாறை ஓரமா இறக்கி வச்சுட்டு ஒண்ணும் கேக்காம குனிஞ்சு, "பஹினி"ன்னு கூப்பிட்டு அவள முதுகுல ஏத்திக்கிட்டீங்க. பஹினின்னா தங்கச்சின்னு கைடு அப்புறம் சொன்னாரு. பாந்தாந்தி வரைக்கும் ஒரு தடவகூட கால் தடுமாறல. காசு நீட்டினேன், கைய தள்ளிட்டு கூடைய எடுக்க திரும்ப அந்த மழையிலயே மேல ஏறிப் போயிட்டீங்க.

பேரு கூட கேக்கல அண்ணே. மன்னிச்சுக்கோங்க. பொண்ணு இப்போ நல்லா நடக்குறா. ரொம்ப ரொம்ப நன்றி. உங்க நேபாளியிலயே சொல்றேன், "தன்யபாத் தாஇ", நன்றி அண்ணே.