கழுத்தில் நெட்டி எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருகும் வைத்தியமான கைரோபிராக்டிக் காணொளிகளில் கழுத்தை வெடுக்கென்று திருகுகிறார்கள்; 'கடக்' என்று சத்தம் வந்ததும் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள். எந்த எலும்பும் எங்கும் போய் உட்காரவில்லை. விரலில் நெட்டி முறிக்கும்போது மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகி வருகிற அதே ஓசைதான் அது.

பயமெல்லாம் ரத்தக்குழாயை நினைத்துத்தான். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் வெர்டிப்ரல் தமனி, பக்கத்துக்கு ஒன்றாக, பெரும்பாலும் ஆறாவது கழுத்தெலும்பின் துளையில் நுழைந்து மேலேறி, முதல் எலும்பின் மேல் வளைந்து மண்டைக்குள் போகிறது. தலை திரும்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. திடீரென்று திருகினால் இழுபடுவது அந்த இடம். குழாயின் உட்சுவர் கிழிந்தால் ரத்தம் சுவருக்குள் புகுந்து வழியைக் குறுக்கும். கிழிசலில் உறைந்த கட்டி பெயர்ந்து சிறுமூளைக்கோ மூளைத்தண்டுக்கோ போனால் பக்கவாதம்.

இது அரிதுதான். திருகியதால்தான் கிழிந்தது என்று அடித்துச் சொல்லவும் முடிவதில்லை. 2014-இல் அமெரிக்க இதய சங்கத்தின் அறிக்கையும், தொடர்பு தெரிகிறது, காரணம் உறுதியாகவில்லை, ஆனாலும் நோயாளியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்றது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கிழிசலின் முதல் அறிகுறியே கழுத்து வலிதான். கிழிந்த குழாயோடு வலிக்கு வைத்தியம் தேடி வருகிறவர்களும் உண்டு. அதனால், இதுவரை வராத மாதிரி, பிடரியில் ஒரு பக்கமாகத் திடீரென்று பிடித்த வலி என்றால் கழுத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். சட்டைப் பொத்தான் போடவே விரல் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றாலும் கூடாது. தண்டுவடம் ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கலாம்.

கழுத்துக்குப் பதில் இடுப்பில் இதே மாதிரி திருகிய பிறகு சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழுத்தைத் திருகியதன் பின்விளைவு சிகிச்சை மேசையில் படுத்திருக்கும்போதே தெரியலாம், சில நாள் கழித்தும் வரலாம்: தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், தண்ணீர் குடித்தால் புரையேறுதல், முகத்தில் ஒரு பக்கம் மரத்தல். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அவசரப் பிரிவில் நுழைந்ததும், கழுத்தைத் திருகியதையும் எப்போது என்பதையும் முதலில் சொல்லுங்கள். சாதாரணத் தலை சி.டி.யில் இந்தக் கிழிசல் தெரியாமல் போகும். கழுத்து ரத்தக்குழாய்களையும் சேர்த்து ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் படம்) எடுக்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்ற அந்தத் தகவல்தான் வேண்டும்.

இப்படிக்கு,
நரம்பியல் மருத்துவர் ஒருவர்