இணையவழித் தொழில்சார் உடல்நலப் பயிற்சி: பாடம் நடத்துவோருக்கும் சான்றிதழ் தருவோருக்கும் ஒரு திறந்த மடல்

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தொழில்சார் உடல்நலத்தை இணையவழியில் கற்பிக்கும் நிறுவனத்தாருக்கும், அந்தப் பாடங்களுக்கு அங்கீகாரம் தரும் கவுன்சில்களுக்கும் வணக்கம்.

ஷிப்ட் முடிந்து வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்ற வசதி பெரியது. இணையவழிப் பயிற்சியே கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. திரையில் கற்பிக்கக்கூடியது எது, கூடாதது எது என்று பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சான்றிதழ் நீட்டுகிறீர்களே, அதுதான் எங்கள் குறை.

ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவைப் பார்த்தவர் நான்கு விடைகளில் சரியானதைத் தொட்டுவிடுவார். ஆனால் இந்தச் சோதனையில் பாதி வேலை கருவியுடையது, மீதிப் பாதி ஊதவைப்பவரின் குரலுடையது. தொழிலாளி மூச்சை முழுதாக இழுக்காமல் ஊதினால் எஃப்.வி.சி. (பலமாக ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்றின் அளவு) குறைந்து, நுரையீரல் சுருங்கியவர் போல அறிக்கை வரும். பாதியில் நிறுத்தினாலும் எஃப்.வி.சி. குறையும், ஆனால் அப்போது முதல் நொடியில் வெளிவந்த காற்றுக்கும் எஃப்.வி.சி.க்கும் உள்ள விகிதம் உயர்ந்து, இருக்கிற மூச்சுக்குழாய் அடைப்பு கண்ணில் படாமலே போகும். தயங்கித் தொடங்கினால் முதல் நொடி அளவையே நம்ப முடியாது. அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் சங்கங்களின் 2019 நெறிமுறைப்படி ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் பெரிய இரண்டுக்கும் இடையே 150 மி.லி.க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. சோதனை நடக்கும் ஒவ்வொரு நாளும் 3 லிட்டர் சிரிஞ்சை மெதுவாக, நடுத்தரமாக, வேகமாகத் தள்ளிக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். இவையெல்லாம் கையால் செய்து பார்த்தால்தான் வரும். எனவே மாணவர் தாமே எடுத்த பத்துப் பேரின் ஊதல் வளைவரைகளை, பெயர் நீக்கி, தோற்றுப்போன ஊதல்களையும் சேர்த்து அனுப்பட்டும். தோற்றவற்றுக்குக் காரணத்தையும் எழுதட்டும். அழகான வளைவரைகளை மட்டும் அனுப்புகிறவர் எதையோ மறைக்கிறார்.

செவித்திறனைச் சோதிக்கும் ஆடியோமெட்ரியும் அப்படித்தான். இரைச்சலில் வேலை செய்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்தவரிடம் தற்காலிகச் செவித்திறன் குறைவும் கூடவே பதிவாகும். பின்னர் ஒப்பிடுவதற்கான அடிப்படைச் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸை இரண்டாம் முறை சோதித்து, 5 டெசிபலுக்கு மேல் மாறினால் மறுபடி தொடங்க வேண்டும். சோதிப்பவர் பொத்தானை அழுத்தும் கை தெரிகிற மாதிரி தொழிலாளியை உட்காரவைப்பதும், ஒலியை ஒரே தாளத்தில் கொடுப்பதும் அன்றாடம் நடக்கும் தவறுகள். காது கேட்காதவரும் சரியாகக் கை தூக்கிவிடுவார்!

திரையில் உண்மையிலேயே நன்றாகக் கற்பிக்கக்கூடிய பகுதி வேறு. அதற்குத்தான் நீங்கள் குறைந்த நேரம் ஒதுக்குகிறீர்கள். நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள் என 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி எழுதிவிட்டார். ஆனால் 'பெயிண்டர்' என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடுமா? பிரஷ்ஷா, ஸ்ப்ரேயா? ஹார்டனர் கலந்த இரண்டு பாகப் பெயிண்டா? அப்படியானால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடிய ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கலாம். முகக்கவசத்தின் வடிகட்டி எந்த வகை, எப்போது மாற்றினார்? விடுமுறை நாட்களில் இளைப்பு குறைகிறதா? ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த கேள்வி மாறும்படி பாடத்தை அமைக்க கணினியைவிட வசதியான இடம் கிடையாது. தொடர்ச்சியாக, தினமும் நான்கு வேளை, வேலை நாட்களிலும் ஓய்வு நாட்களிலும் எடுத்த பீக் ஃப்ளோ (ஊதும் மூச்சின் உச்ச வேகம்) அளவுகளைக் கொடுத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். வேலை ஆஸ்துமா அதில் தானே தெரியும்.

ரத்த, சிறுநீர்ச் சோதனைகளுக்கும் இதே முறை பொருந்தும். விரல் நுனியில் ஒட்டிய ஈயத் தூசி, அங்கே குத்தி எடுத்த ரத்தத்தின் முடிவைப் பொய்யாக உயர்த்தும். சிரையிலிருந்து எடுத்து உறுதிசெய்ய வேண்டும். பூச்சிமருந்து தெளிப்பவருக்கு, சில பூச்சிமருந்துகள் முடக்கும் ரத்த நொதியான கோலினெஸ்டரேஸ் 30 சதவீதம் இறங்கியிருந்தாலும் ஆய்வகத்தின் இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கலாம். மருந்தைத் தொடும் முன் அதே ஆய்வகத்தில் எடுத்த அளவு கையில் இல்லாவிட்டால் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

மருத்துவருக்கு ஒரு பாடம், செவிலியருக்கு ஒரு பாடம் என்று பிரிப்பதையும் நிறுத்துங்கள். ஊதவைப்பவர் செவிலியர், அறிக்கையைப் படிப்பவர் மருத்துவர். வளைவரை மோசமென்றால் திருப்பி அனுப்பும் உரிமை யாருக்கு என்று இருவரும் சேர்ந்து படித்தால்தான் தெளியும்.

ரகசியம் காப்பதற்கு ஒரே ஒரு ஸ்லைடு போதாது. பணிக்கு வராததன் காரணத்தைச் சரிபார்க்கும்படி தொழில்சார் உடல்நலப் பணியாளரை முதலாளி கேட்கக் கூடாது என்று 1985ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 161 சொல்கிறது. தேர்வில் 'இவருக்கு என்ன நோய்?' என்று மனிதவளத் துறை அனுப்பிய கடிதத்தைக் கொடுத்துப் பதில் எழுதச் சொல்லுங்கள். நோயின் பெயர் வராமல், தகுதியா, எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும், மறுபரிசோதனை எப்போது என்பது மட்டும் அதில் இருந்தால் தேர்ச்சி.

கவுன்சில்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: சான்றிதழில் கோட்பாடு, செய்முறை என்று இரண்டு வரிகள் அச்சிடுங்கள். செய்முறையை எவரும் நேரில் மதிப்பிடவில்லை என்றால், அந்த வரியில் 'மதிப்பிடப்படவில்லை' என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
தொழில்சார் உடல்நலப் பணியிலுள்ள மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்