சிராவயல் முதல் பழனிச் சாலை வரை: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சிராவயல் மஞ்சுவிரட்டும் பழனி பாதயாத்திரையும் இந்தத் தையில் நல்லபடியாக முடிந்தன. இரண்டிலும் முதலுதவிப் பையோடு நாங்கள் நின்றோம். எங்களை நிற்க வைத்தவர்கள் நீங்கள். ஊர் ஊராக வந்து நேரில் சொல்ல வேண்டிய நன்றியை இந்த மடலில் எழுதுகிறேன்.

முதல் வணக்கம் எங்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தில் பயிற்சி பெற்று, பலருக்கும் பயிற்சி கொடுத்தவர். கார்த்திகை, மார்கழி ஞாயிறுகளில் கானாடுகாத்தானில் ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டு முகப்பைத் திறந்துவிட்டார்கள். பாய் விரித்து உட்கார்ந்து படித்தோம். அந்த வீட்டு ஆச்சி ஒவ்வொரு வாரமும் பணியாரம் சுட்டு அனுப்பினார்கள். அதற்கும் நன்றி.

முதல் வகுப்பில் கட்டுப் போடுவதற்கு முன்னால் அம்மா அந்தச் சங்கத்தின் கதையைத்தான் சொன்னார். உதவிய எல்லோருக்கும் அது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் எந்த வரிசையில் வந்து நிற்கிறீர்கள் என்பது அதில் இருக்கிறது.

11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அமால்ஃபி நகரத்து வணிகர்கள் ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு ஒரு விடுதி ஏற்படுத்தினார்கள். நடந்து களைத்து, நோய்ப்பட்டு வந்தவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்ட துறவியர்தான் பிறகு புனித யோவான் சபை ஆனார்கள். 1113இல் போப்பாண்டவர் அந்தச் சபையை அங்கீகரித்தார். வியாபாரத்துக்குப் போன இடத்தில் யாத்திரிகர் தங்கச் சத்திரம் கட்டுவது நம் பக்கத்துக்குப் புதிதா? காசியிலும் இராமேசுவரத்திலும் நகரத்தார் விடுதிகளில் படுத்து எழுந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

அந்தச் சபையின் வழியில் வந்தவர்கள் 1877இல் லண்டனில் தொடங்கியதுதான் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம். ஆலையிலும் சுரங்கத்திலும் ரயில்வேயிலும் அடிபட்டவர்கள், மருத்துவர் வந்து சேர்வதற்குள் ரத்தம் போயே செத்துக்கொண்டிருந்த காலம். பக்கத்தில் வேலை செய்கிறவனுக்கே கற்றுக்கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. மருத்துவம் மருத்துவர் கையில் மட்டும் இருந்த நாளில் அது பெரிய துணிச்சல். பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர் 1878இல் லண்டன் பக்கத்து வூலிச்சில் பொதுமக்களுக்கு வகுப்பெடுத்து, பாடநூலும் எழுதினார். அடுத்த ஆண்டே, 1879 ஜனவரி 22 அன்று, தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா போர்க்களத்தில் இறந்துபோனார். அடிபட்ட ஒருவரைக் கவனிக்க நின்ற இடத்தில் கொல்லப்பட்டார் என்று சொல்கிறார்கள். வகுப்பில் படித்தவர்களைச் சேர்த்து 1887இல் சீருடைப் படையும் வந்தது.

இனி வருவது நம் கதை. ஷெப்பர்ட் விழுந்து இருபது ஆண்டு கழித்து, அதே வட்டாரத்தில், நேட்டாலில், ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இடையே போயர் போர் மூண்டது. காந்தியடிகள் அங்கே இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். கிட்டத்தட்ட 1,100 பேர். அதில் 300 பேர்தான் சுதந்திரமாகப் பிழைத்தவர்கள், மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழரும் தெலுங்கருமே நேட்டால் கூலிகளில் பெரும்பாலோர். ஸ்பியான் காப் மலையடிவாரத்திலிருந்து அடிபட்ட சிப்பாய்களைத் தூக்குப்படுக்கையில் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த மடலில் அவர்களுக்கும் ஒரு கும்பிடு போடாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1914இல் லண்டனில் காந்தி மறுபடி தொண்டர் படை சேர்த்தபோது, டாக்டர் கேன்ட்லி என்பவரிடம் ஏறக்குறைய 80 பேர் ஆறு வாரம் முதலுதவி படித்தார்கள். முதலுதவிப் பயிற்சியைப் பரப்புவதில் அந்த நாளில் முன்னே நின்றவர் கேன்ட்லி. அப்படி மாணவராக உட்கார்ந்து கட்டுப் போடப் படித்த காந்திதான் 1927இல், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவாவைப் பார்க்கச் சிராவயல் வந்தார். மஞ்சுவிரட்டுப் பொட்டலில் பையை இறக்கி வைத்தபோது என் மனதில் இருந்தது அதுதான்.

சிராவயல் ஊர்ப் பெரியவர்களுக்கு எங்கள் நன்றி. கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் ஆம்புலன்ஸ் போக ஒரு பாதையைக் கயிறு கட்டிக் கடைசிவரை காத்துக் கொடுத்தீர்கள். அந்தப் பாதை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். வேடிக்கை பார்க்க வந்த இளைஞர் ஒருவருக்குத் தொடையில் கொம்பு இறங்கிவிட்டது. எங்கள் குழுவில் ஐடிஐ படிக்கும் தம்பி, மடித்த துணியைக் காயத்தின் மேல் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினான். துணி நனைந்ததும் அதை எடுக்கவில்லை, மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தினான். 'எடுத்துப் பாரு, எடுத்துப் பாரு' என்று சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. 108 வண்டியின் பைலட்டும் (ஓட்டுநர்) இஎம்டியும் (அவசர மருத்துவ உதவியாளர்) வந்து பொறுப்பெடுத்த பிறகுதான் கையை எடுத்தான். அந்த இளைஞர் இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். 108 ஊழியர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். 2008 செப்டம்பருக்கு முன்னால், இப்படி அடிபட்டவரை ஏற்றிப்போக வாடகைக் காருக்கு அலைந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை.

அந்தத் துணிகளை வெட்டிக் கொடுத்த காரைக்குடித் தையற்கடை அண்ணன் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஒரு மீட்டர் சதுரக் காடாத்துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டு. எஸ்மார்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் பரப்பிய முறை. முறிந்த கைக்குத் தொட்டில், தலைக்குக் கட்டு, மடித்தால் அழுத்துத் துணி, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அண்ணன் கூலி வாங்கவில்லை. ஓரம் பிரியாமல் அடித்தும் கொடுத்தார்.

பாதயாத்திரையில் எங்கள் வேலை பெரும்பாலும் பாதம்தான். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு, பகலில் தார்ச்சாலை சுடும், இரவில் முள் குத்தும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. கழுவித் துடைத்து, சுற்றிலும் வளையமாக மெத்தை வைத்து, அதன் மேல் கட்ட வேண்டும். நத்தத்துக்கு முன்னால் ஒரு ஆச்சி, எழுபதைத் தாண்டியவர், காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். 'வேணாமப்பு, என் காலைப் போயித் தொடுறியே' என்றார். எங்கள் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். 'பழனிக்கு நடக்கிற காலு ஆச்சி இது. தொடுறதுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும்' என்றான். ஆச்சி மெதுவாகக் காலை நீட்டினார். குதிகாலில் கொப்புளம் உடைந்து மண் அப்பியிருந்தது. கட்டு முடித்ததும் மடியிலிருந்து திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டு எழுந்து நடந்தார்.

வழியெல்லாம் திண்ணை கொடுத்தவர்களே, ராத்திரி இரண்டு மணிக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்த சிங்கம்புணரி டீக்கடைக்காரரே, ஓஆர்எஸ் பொட்டலங்களைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்த கல்லல் மருந்துக்கடைக்காரரே, காவடிகளின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட உதவிய காவலர்களே, உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பேருந்து நடத்துநர் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாலையோரம் பைக்கிலிருந்து விழுந்து கிடந்தவருக்காக வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். கழுத்தை அசைக்காமல் தலையைப் பிடித்துக்கொள்ள எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. 'லைசென்சுக்காக செயின்ட் ஜான் சர்ட்டிபிகேட் வாங்கினவன்தாங்க நானும்' என்று மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டார். பேருந்தில் இருந்தவர்களும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குப் போடக் கூடாது, பெயர் சொல்லும்படியும் வற்புறுத்தக் கூடாது என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும் சொல்கின்றன.

மிச்சமுள்ள கட்டுத்துணியும் ஸ்ட்ரெச்சரும் கல்லல் மருந்துக்கடையில் இருக்கின்றன. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா வருகிறது. அதற்கு முன்னால் தீப்புண் வகுப்பு ஒன்று நடத்த அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். சுட்ட இடத்தில் பேஸ்ட்டும் இங்க்கும் பூசுவதை விட்டு, 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுவதிலிருந்து தொடங்குவோம். கானாடுகாத்தானில் அதே முகப்பில்தான் வகுப்பு. வர விரும்புகிறவர்கள் மருந்துக்கடையில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
முதலுதவித் தன்னார்வலர்கள் சார்பில்,
காரைக்குடி