பேஸ் வாசிச்சவரு பேரையும் போடுங்க: மியூசிக் ஆப் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மியூசிக் ஆப் நடத்துறவங்களுக்கும், பழைய ஜாஸ் ரெக்கார்டுகளோட உரிமைய கையில வச்சிருக்குற கம்பெனிகளுக்கும் வணக்கம்.

பால் சேம்பர்ஸ் பத்திதான் பேசணும். டபுள் பேஸ், அதாவது ஆள் உயரத்துக்கு வயலின் மாதிரி இருக்குற, அடித்தள ஸ்வரம் கொடுக்குற வாத்தியம் வாசிச்சவரு. 1935ல பிட்ஸ்பர்க்ல பிறந்து, டெட்ராய்ட்ல வளர்ந்து, 20 வயசுல ட்ரம்பெட் வாசிக்குற மைல்ஸ் டேவிஸோட ஜாஸ் குரூப்ல சேர்ந்தாரு. 1969 ஜனவரில காசநோய்ல இறந்தப்ப வயசு வெறும் 33. அவரு இருக்குற ரெக்கார்ட எல்லாம் எடுத்துட்டீங்கன்னா அந்தக் காலத்து ஜாஸ் அலமாரில பாதி காலியாயிடும்.

ஆனா நான் பாத்த ஆப்ல அவரு பேரைப் போட்டுத் தேடினா அவரு பேர்லயே வந்த கொஞ்ச ஆல்பம்தான் வருது. பேஸ் ஆன் டாப் வருது, சந்தோஷம், 1957ல ப்ளூ நோட்ங்குற ரெக்கார்டு கம்பெனிக்கு வாசிச்சது, முதல் டிராக்கிலேயே வில்லை எடுத்து மெலடிய அவரே வாசிப்பாரு பாருங்க, வில்லு கம்பில உரசுற கரகரப்பு கூட காதுல விழும், கூட கென்னி பரல் கிடார், ஹாங்க் ஜோன்ஸ் பியானோ, ஆர்ட் டெய்லர் டிரம்ஸ். சரி, மைல்ஸ் டேவிஸ் பேர்ல வந்த, இவரு பேஸ் வாசிச்ச கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பம் எங்க? அதுல ஸோ வாட்ங்குற டிராக்கோட ஆரம்பத்துல பியானோவும் பேஸும் மட்டும் தாளமில்லாம மெதுவா போகும், அப்புறம் டியூன எடுக்குறதே பேஸ்தான், பேஸ் ஒரு வரி சொல்லி நிறுத்துற ஒவ்வொரு தடவையும் பியானோ ரெண்டே கார்டுல (பல ஸ்வரங்கள ஒண்ணா அழுத்துறது) பதில் சொல்லும், கொஞ்சம் கழிச்சு ட்ரம்பெட், சாக்ஸஃபோன் மாதிரி ஊதுற வாத்தியங்களும் சேந்துக்கும். உலகம் முழுக்க கோடிக்கணக்கான பேர் கேட்ட டியூன், வாசிச்சவரு பேரு ஸ்கிரீன்ல இல்ல.

அந்த ஆல்பத்தோட ரெண்டாவது ரெக்கார்டிங் நடந்த 1959 ஏப்ரல் 22 அவரோட 24வது பிறந்தநாள். ரெண்டு வாரத்துக்குள்ள சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோட ஜயன்ட் ஸ்டெப்ஸ் ஆல்பத்துக்கும் வாசிக்கிறாரு. அதுல மிஸ்டர் பி.சி.ன்னு ஒரு டிராக், அந்த பி.சி. இவருதான். கோல்ட்ரேனுக்கு இருந்த மரியாதை உங்க டேட்டாபேஸுக்கு இல்லாம போச்சே.

யாரு என்ன வாசிச்சாங்கன்னு ஆல்பத்துக்கு ஒரே லிஸ்ட்டா போட்டா பத்தாதுங்க, டிராக் டிராக்கா வேணும். கைண்ட் ஆஃப் ப்ளூலயே ஃப்ரெடி ஃப்ரீலோடர்ல மட்டும் பியானோ விண்டன் கெல்லி, மத்த எல்லாத்துலயும் பில் எவன்ஸ். வாசிச்சவரு பேர தொட்டா அவரு வாசிச்ச மத்த ரெக்கார்டெல்லாம் வரணும், அப்பதான் பேஸ் ஆன் டாப் கேட்டு மயங்குற ஒரு பையன் அங்கருந்து இவரு வாசிச்ச ப்ளூ ட்ரெயின், கூல் ஸ்ட்ரட்டின் ஆல்பங்களுக்குப் போய்ச் சேருவான்.

தகவல் இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ப்ளூ நோட் எல்பி கவர் பின்பக்கம் மேலயே யாரு என்ன வாசிச்சாங்கன்னு அச்சடிச்சிருக்கும், கம்பெனிகள்கிட்ட ரெக்கார்டிங் ஃபைலும் இருக்கும். முழுசா ஏத்த டைம் ஆகும்னா, இப்போதைக்கு அந்தப் பின்பக்கத்தையாவது ஸ்கேன் பண்ணி ஆல்பம் பேஜ்ல போட்டுடுங்க.