பியானோ மட்டும் துணை நிற்கும் மேடை

அன்புள்ள யாழினிக்கு,

வியன்னாவில் நீ பாடப்போகும் கச்சேரிக்கு அனுப்பிய பாட்டுப் பட்டியலைப் பியானோவில் வைத்து முழுக்க வாசித்துப் பார்த்தேன். முதல் பாதியில் ஷூபர்ட் பாடல்கள் நான்கு, ஃபோரே பாடல்கள் மூன்று, கடைசியில் குனோவின் ‘சாஃபோ’ ஓபராவிலிருந்து ஆரியா, அதாவது தனிப்பாட்டு. இடைவேளைக்குப் பிறகு சைக்கோவ்ஸ்கியின் ஆரியா, ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸ் பாடல்கள் நான்கு, முடிவில் சிலேயாவின் ஆரியா. தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பெரிய ஆரியா மூன்று என்பது அதிகம். சைக்கோவ்ஸ்கியை எடுத்துவிடு. பாட்டு மட்டும் எழுபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் களைப்பது உன் நடுஸ்தாயி. சிலேயா முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

வியன்னாவில் ஷூபர்ட் கேட்க வருகிறவர்களுக்குப் பாதிப் பாட்டு மனப்பாடம். சாஃபோவும், சிலேயா ஆரியாவைப் பாடும் தாய் ரோசா மமாயும் அவர்களுக்கும் புதியவர்கள். ஆர்கெஸ்ட்ரா, உடை, முந்தைய காட்சி எதுவும் இல்லாமல் நீ போய் நிற்பாய். இந்தப் பெண் யார், யாரிடம் பேசுகிறாள் என்று முதல் அடியிலேயே தெரியாவிட்டால் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேட்பவர் வெளியிலேயே நிற்பார். ஒத்திகையில் எதைத் தீர்மானித்தாலும் இதை வைத்தே தீர்மானி.

‘சாஃபோ’ 1851-இல் பாரீசில் அரங்கேறியது, முதலில் பாடியவர் பொலின் வியார்தோ. ஆரியா ஓபராவின் கடைசியில் வருகிறது, நாயகி சாஃபோ கடலில் குதிப்பதற்கு முன். இந்த விவரத்தை நிகழ்ச்சித் தாளில் இரண்டே வரியில் போடு, அதற்கு மேல் வேண்டாம். முதல் கண்ணி அவள் தன் யாழிடம் பேசுவது, இரண்டாவது கண்ணி கடலில் இறங்கும் சூரியனுக்கு விடை கொடுப்பது. பலர் முதல் கண்ணியிலேயே குரலை முழுக்கக் கொட்டிவிட்டு, இரண்டாவதில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். யாழ் கையில் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்துக்குப் பாடினால் போதும். இரண்டாவது கண்ணியில் பார்வை தொலைவுக்குப் போகட்டும், குரல் அதன் பின்னாலேயே போகும். முன்னால் வரும் ரெசிடட்டீவை, பேச்சுப் போலப் பாடும் பகுதியை, வெட்டாதே. இடம் எது என்று சொல்வதே அதுதான்.

ஆரியாவின் பியானோ பிரதி ஆர்கெஸ்ட்ராவைச் சுருக்கி எழுதியது, பியானோவுக்கென்று பிறந்தது அல்ல. வயலின்கள் நடுங்கும் இடத்தில் அச்சில் இருப்பதை எல்லாம் வாசித்தால் தடதடவென்று கேட்கும். அடிஸ்வரத்தை விடாமல், நடுவில் உள்ள இரட்டிப்புகளைக் குறைக்கச் சொல்லி உன் பியானிஸ்டிடம் கேள். ஷூபர்ட், ஃபோரே போல குரலுக்கும் பியானோவுக்குமென்றே எழுதிய கலைப்பாடலில் இதைச் செய்யக் கூடாது. அங்கே ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதியவர் யோசித்து வைத்திருக்கிறார்.

ராட்டையில் நூற்கும் பெண் பாடும் ‘கிரெட்ஷன்’ பாட்டை எடுத்துக்கொள். 1814 அக்டோபரில் எழுதும்போது ஷூபர்ட்டுக்கு வயது 17. பியானிஸ்டின் வலது கையில் ராட்டைச் சக்கரம், இடது கையில் மிதிகட்டை. ‘முத்தம்’ என்று பொருள்படும் ‘குஸ்’ என்ற ஜெர்மன் சொல்லில் குரல் மேலே போய் நிற்க, சக்கரமும் நின்றுவிடுகிறது. பிறகு தயங்கித் தயங்கித்தான் திரும்பச் சுழல்கிறது. அந்தத் தயக்கத்துக்குப் பியானிஸ்டை அவசரப்படுத்தாதே, அடுத்த மூச்சைச் சக்கரம் முழுதாக ஓடத் தொடங்கிய பிறகு எடு. ‘குஸ்’ என்பதில் உயிரெழுத்து குறில். நீட்டும்போது அது ‘ஓ’ பக்கம் சாய்ந்துவிடும், உதட்டைக் குவித்தே வை. ‘ஸ்’ ஒலியை விடும் கணத்தில் மட்டும் சொல். எல்லாரும் இதையே உச்சம் என்று நினைத்துவிடுகிறார்கள். மூலச் சுருதியில் இது மேல் ஜி ஸ்வரம், கடைசிப் பக்கத்திலோ அதைவிட உயரமான மேல் ஏ காத்திருக்கிறது. தொடக்க வேகம் கொஞ்சம் கூடினாலும் அங்கே கத்தத்தான் வேண்டியிருக்கும்.

சுருதியை இறக்குவதில் தப்பில்லை, ஷூபர்ட் பாடல்கள் பல சுருதிகளில் அச்சில் கிடைக்கின்றன. ஆனால் கிரெட்ஷனை அதிகம் இறக்கினால் சக்கரம் கலங்கலாகிவிடும், பெடலையும் குறைக்க வேண்டிவரும். அரைச்சுருதி அரைச்சுருதியாக இறக்கிப் பார். ஆரியாவை மட்டும் இறக்காதே, எழுதிய சுருதியில் வராவிட்டால் வேறு ஆரியா எடு.

ஷ்ட்ராவுஸின் ‘மோர்கன்’ (‘நாளை’) பாட்டில் முன்னிசை நீளம். அவர் 1894-இல் மனைவி பாலினுக்குக் கொடுத்த திருமணப் பரிசுப் பாடல்களில் ஒன்று இது. பியானோ மெட்டைப் பாடி முடிக்கும் தறுவாயில், ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவள் போல நீ நடுவில் நுழைகிறாய். நுழையும் முன் தோளைத் தூக்கி மூச்சிழுத்தால் எல்லாம் கெட்டது. முன்னிசை முழுதும் நீ கேட்டுக்கொண்டு நில், மூச்சு தானாக வந்துவிடும். கடைசிச் சொல்லுக்குப் பிறகும் பியானோ தொடர்கிறது. அதுவரை முகத்தையோ கையையோ தளர்த்தாதே, தளர்த்தினால் கைதட்டிவிடுவார்கள்.

உச்சரிப்பில் உனக்கு ஒரு சாதகம், ஒரு பாதகம். நம் க, ட, ப ஊதாமல் வருவதால் இத்தாலியத்துக்குக் கச்சிதம், இரட்டை மெய்யும் நமக்குப் பழக்கம். ஜெர்மனில் அதே பழக்கம் சொல்லை மங்க வைக்கும். ‘குஸ்’ என்பதன் முதல் மெய்யில் காற்று வெளிவர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பார், காற்றுப் பட வேண்டும். ‘உண்ட்’ (‘மற்றும்’) என்ற சொல் முடியும்போது ‘ட்’ வல்லினமாகவே கேட்கட்டும்.

சிலேயாவின் ‘லார்லெஸியானா’ 1897-இல் மிலானில் அரங்கேறியது. மகனுடைய ஆரியாவை டெனர்கள் எல்லாரும் பாடுகிறார்கள், தாய் ரோசாவின் ஆரியா அபூர்வம். மகன் உயிரை விட்டுவிடுவானோ என்று பயந்து அவள் கடவுளிடம் மன்றாடுகிறாள். அழுகையைத் தொண்டையில் கொண்டுவராதே, தொண்டை இறுகினால் கீழ்ஸ்வரங்கள் கேட்காது. அவள் வாதாடுகிறாள், அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை.

நிகழ்ச்சித் தாளில் பிரெஞ்சு, இத்தாலியப் பாடல்களுக்கு மூலமும் ஜெர்மன் பொருளும் எதிரெதிரே இருக்கட்டும். ஒரு பாட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடக் கூடாது, ஓடினால் மெல்லிய இடத்தில் நூறு தாள் ஒன்றாகப் புரளும். மொழிபெயர்ப்பாளரிடம் அனுமதி கேட்டுப் பெயரையும் போடு. வாசிக்கும் அளவுக்கு அரங்கில் வெளிச்சம் வேண்டும், விளக்கை முழுக்க அணைக்க விடாதே.

பியானோவின் ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வா 443 அதிர்வா என்று முன்கூட்டியே கேள், மேடைக்கு நகர்த்திய பிறகே டியூனர் வரட்டும். மூடியை முழுக்கத் திறந்து, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துச் சொல் புரிகிறதா என்று பார். அன்று காலை ஒத்திகையில் ஆரியாக்களை அரைக்குரலில் மட்டும் பாடு. முடிந்ததும் இன்னொன்று பாடச் சொல்லிக் கேட்டால் ஃபோரேயில் சின்னது ஒன்று போதும், சிலேயாவுக்குப் பிறகு இன்னொரு ஆரியா வேண்டாம்.

தாள் அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு. பிரெஞ்சு எழுத்துக்குறிகளை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா