செயலாளர் ஆண்டறிக்கை, 2011-12

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கியது குறுவட்டு (சிடி) வேலைதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் இணையதளத்தில் சேர்த்திருக்கும் ஊர்ப்பெயர், பழமொழி, மூலிகைக் குறிப்புகளை இணையம் எட்டாத பள்ளிகளுக்கும் கொடுப்பதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. 2010இல் மலையாள விக்கிப்பீடியா நண்பர்கள் 500 கட்டுரைகளைக் குறுவட்டாக வெளியிட்டதைப் பார்த்து வந்த ஆசை அது. இருப்பதை அப்படியே காப்பி செய்தால் ஆயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். காப்பி செய்ய அங்கே பக்கமே இல்லை! இருப்பது குறிப்புகளைச் சேமித்து வைக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். யாராவது கேட்டால்தான் பிஎச்பி நிரல் அதிலிருந்து எடுத்துப் பக்கமாக்கித் தரும்.

அப்படிப் பக்கம் தரும் சர்வரையே வட்டில் வைத்து ஓட்டலாம் என்றார் ஓர் உறுப்பினர். செய்யலாம்தான், ஆனால் கணினியின் பாதுகாப்பு நிரலான ஃபயர்வால் ‘இதை அனுமதிக்கவா?’ என்று கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் வட்டை வெளியே எடுத்துவிடுவார்கள். ஆகவே தளங்களை நகலெடுக்கும் எச்டிடிராக் மென்பொருள் கொண்டு எல்லாவற்றையும், பிரவுசரில் நேரே திறக்கும் எச்டிஎம்எல் பக்கங்களாக இறக்கினோம். இரவு ஓடவிட்டுப் படுத்தேன், விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால், நம் நிகழ்ச்சி நாட்காட்டியின் ‘அடுத்த மாதம்’ லிங்கைப் பிடித்துக்கொண்டு 2090ஐத் தாண்டியிருந்தது. நாட்காட்டியை விலக்கச் சொன்ன பிறகே அடங்கியது.

அப்புறம் ஃபைல் பெயர். பக்கத்தின் இணைய முகவரியைத்தான் ஃபைல் பெயராக வைக்க நினைத்தோம். முகவரியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 9 இடம் பிடிக்கிறது. ‘கீழாநெல்லி’ என்ற ஒரு சொல்லில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்த்து 10 குறி, ஆக 90 இடம். வட்டில் ஃபைல் பெயர்களைப் பதியும் ஜோலியட் முறையிலோ பெயருக்கு 64 இடம்தான். பெயர்களை விட்டுவிட்டுக் குறிப்பு எண்களையே வைத்தோம்.

தேடல்தான் அதிகம் படுத்தியது. தளத்தில் தேடித் தந்தது தரவுத்தளம். வட்டில் அது இல்லையே. தலைப்புகளையும் முக்கியச் சொற்களையும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில் போட்டு, பிரவுசரையே தேட வைத்தோம். எங்கள் கணினியில் ஓடியது, பள்ளியில் ஓடவில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மேலே மஞ்சள் பட்டை காட்டி நிரலைத் தடுத்துவிட்டது. இணையத்திலிருந்து சேமித்த பக்கம் என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரி சேர்த்ததும் பட்டை போயிற்று. சில விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் தமிழே கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதற்கு விண்டோஸ் வட்டைப் போட்டு மொழி வசதியை நிறுவ வேண்டும். பாதிப் பள்ளிகளில் அந்த வட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நம் உறுப்பினர்கள் நேரில் போய்ச் சரிசெய்தார்கள்.

வட்டில் பதிவு எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய் வீணான வட்டுகள் என் வீட்டில் ஒரு மாலை கட்டும் அளவுக்கு இருக்கின்றன. இன்வெர்ட்டர் உள்ள உறுப்பினர் வீட்டுக்கு வேலையை மாற்றியபின் மீதி முடிந்தது. அவருடைய துணைவியார் போட்ட தேநீருக்கும் நன்றி.

வட்டில் உள்ளது ஜனவரி மாத நிலவரம். தேதியை உறையிலேயே அச்சிட்டிருக்கிறோம். அதன்பின் தளத்தில் திருத்திய குறிப்புகள் அதில் வராது. அடுத்த பதிப்பை ஆண்டுக்கொரு முறையா, இரண்டு ஆண்டுக்கொரு முறையா என்பதைப் பொதுக்குழு இன்று முடிவு செய்ய வேண்டும்.

அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்